மூன்றரை மணி நிழல்

டக், டக், டக், டக் என்று நான்கு முறை. நான்கு டிராயிங் பின்களை, மேசையில் காகிதம் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டால், அறிவிப்புப் பலகையில் அட்டெண்டர் சவரிமுத்து அறைந்த சத்தம் அது. அதற்குப் பிறகு முப்பத்தேழு வருடம் ஓடிப்போயும், பக்கத்து வீட்டில் யாராவது காலண்டர் மாட்ட ஆணி அடித்தால்கூட ஜெசிந்தா மச்சாடோ செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, நான்கு அடி விழும்வரை எண்ணுவார். அன்றைக்கு அவருக்கு இருபது வயது. புன்னைத்துறை என்ற அந்த உப்பளத்து ஊரின் துறைமுகக் கல்லூரியில் இயற்பியல் மூன்றாம் ஆண்டு. சவரிமுத்து நகர்ந்ததும் தெரிந்த தாளில், ஒளியியலுக்கு நேரே, எழுபத்தைந்துக்கு ஐம்பத்திரண்டு என்று இருந்தது.

அந்தத் துறையில் யாரும் வாங்கியதிலேயே அதுதான் பெரியது. அதற்கு மேல் யாரும் வாங்கியதில்லை, வாங்கவும் முடியாது, ஏனென்றால் துறைத்தலைவர் வேதமாணிக்கம் சாரின் சிவப்புப் பேனா ஐம்பத்திரண்டுக்கு மேல் ஓர் எண்ணை எழுதியதே இல்லை. அவருக்கு முன்னால் இருந்தவரும் எழுதியதில்லை. ஏன் ஐம்பத்தொன்று இல்லை, ஏன் ஐம்பத்து மூன்று இல்லை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கடல் ஏன் கிழக்கே இருக்கிறது என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லையே, அது போல. ஜெசிந்தா பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு எழுதிப் போட்டார். அங்கே எழுபத்தைந்துக்கு அறுபதுக்குக் கீழே வாங்கியவர்களின் உறையைப் பிரிப்பதில்லை என்று பிறகு தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து அதே கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்து, மச்சாடோ மிஸ் ஆகி, வேதமாணிக்கம் சார் ஓய்வு பெற்றதும் அவருடைய நாற்காலிக்கும் அவருடைய ஐம்பத்திரண்டுக்கும் உரியவரானார். அந்த எண்ணைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. கிடைத்ததிலேயே பெரியது அது. அதைக் குறை என்று சொன்னால், அதற்கு மேலும் ஒன்று இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

துறைமுகக் கல்லூரி லேசில் இடம் கிடைக்கும் கல்லூரி இல்லை. பள்ளியில் முதலிடம் வாங்கிய பிள்ளைகளே விண்ணப்பத்துக்கு வரிசையில் நிற்பார்கள். அப்படிப்பட்ட கல்லூரிக்குத் தன்னாட்சி வந்து, தானே கேள்வி எடுத்து, தானே திருத்தி, தானே முடிவு சொல்லலாம் என்று ஆனபோது, ஒவ்வொரு பருவத்தின் கடைசியிலும் தேர்ச்சிக் குழு என்று ஒன்று கூடி, பருப்பு வடையும் டீயும் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு மார்க் கூட்டிப் போடத் தொடங்கியது. முதலில் இரண்டு. பிறகு ஐந்து. பக்கத்து ஊர்களில் போடுகிறார்கள், நம் பிள்ளைகள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள் என்று ஒருவர் சொல்ல, எட்டு. வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிக்காரர்கள் நூற்றுக்கு எழுபதுக்குக் குறைந்தவர்களைப் பார்ப்பதில்லை என்று இன்னொருவர் சொல்ல, பன்னிரண்டு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி போதும் போதும் என்று கையை மறைத்தாலும் இன்னொரு கரண்டி வைப்பது போலத்தான் வைத்தார்கள்.

பன்னிரண்டு போட்ட அந்த மே மாதத்தில், முடிவு வந்த நாளின் நடு மதியத்தில், வணிகவியல் மாணவன் டெல்வின் கொடிக்கம்பத்தின் அருகே நின்றுகொண்டிருக்கையில் அவனுடைய நிழல் காலடியிலிருந்து புறப்பட்டு, முற்றத்தைக் கடந்து, வாசலைக் கடந்து, சாலையின் மறுபக்கத்துச் சாக்கடை வரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது. வாசலில் நன்னாரி சர்பத் விற்கும் சுடலைமணி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வண்டியின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்துவிட்டு, வண்டியை நான்கு அடி தள்ளி அந்த நிழலுக்குள் நிறுத்திக்கொண்டார். “தம்பி, அசையாம நில்லுங்க, ஒரு சர்பத் குடிச்சிட்டுப் போலாம்” என்று கூப்பிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

புன்னைத்துறையில் மரம் குறைவு. உப்புக் காற்றில் வேம்புகூட இடுப்பளவுக்கு மேல் வளராது. ஆகவே, ஆண்டவன் அனுப்பியதோ கல்லூரி அனுப்பியதோ, வந்த நிழலை ஊர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேருந்து நிறுத்தத்தில் கல்லூரிப் பிள்ளை ஒன்று நின்றால் இருபது பேர் அதன் நிழலில் ஒண்டிக்கொண்டார்கள், அந்தப் பிள்ளை பஸ்ஸில் ஏறிவிட்டால் அடுத்த பிள்ளை வரும்வரை முகத்தைச் சுளித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மாதா கோயில் திருவிழாச் சப்பரம் மதியத்திலேயே புறப்படலாம் என்று ஆனது, இரண்டு பக்கமும் ஆங்கில இலக்கியப் பிள்ளைகள் நடந்து வந்ததால். கருவாடு காயப்போடுகிறவர்கள் மட்டும் கல்லூரிப் பிள்ளைகளைக் கண்டால் “அங்கிட்டுப் போ, அங்கிட்டுப் போ” என்று கோழியை விரட்டுவது போல விரட்டினார்கள். குடை விற்கும் மைதீன் தன் கடையில் பாதியை மறைத்து ஜெராக்ஸ் மெஷின் போட்டார். எண் விடைத்தாளின் முதல் பக்கத்துக் கட்டத்தில் விழுந்த அந்த நொடியிலேயே, பிள்ளை எங்கே இருந்தாலும் அதன் நிழல் மாறிவிடுகிறது என்பது ஒரு பருவத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துபோனதால், தாள் திருத்தும் நாட்களில் தாய்மார்கள் மகனையும் மகளையும் வீட்டு முற்றத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, அடுப்பில் ஒரு கண்ணும் தரையில் ஒரு கண்ணுமாக இருந்தார்கள். நிழல் எதிர்வீட்டுப் படியைத் தொட்டதும் குலவை போட்டார்கள்.

நீள நிழல் என்றால் நிறைய மார்க், நிறைய மார்க் என்றால் நிறைய அறிவு என்று ஊர் எடுத்துக்கொண்டது. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பையனை வெயிலுக்குக் கூப்பிட்டு, பேச்சுக் கொடுப்பது போலக் கொடுத்து, நிழலின் நீளத்தைக் கண்ணால் அளந்தார்கள். கம்பெனிக்காரர்கள் நேர்முகத் தேர்வை மைதானத்தில் மேசை போட்டு நடத்தினார்கள். கல்லூரியிலேயே மிக நன்றாகப் படித்து, கூட்டிப் போடத் தேவையே இல்லாமல் இருந்த ஒரு விலங்கியல் மாணவிக்கு அவள் உயரத்துக்கு ஏற்ற பழைய நிழலே விழுந்தது. “பாவம், எதுலயோ சறுக்கிட்டா போல” என்று அவளைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

உப்பு மட்டும் ஏமாறவில்லை. கல்லூரியின் பின்சுவரிலிருந்து கடல் வரைக்கும் பாத்தி பாத்தியாக உப்பளம்தான். வரப்பில் பிள்ளைகள் செல்பி எடுக்க நின்ற இடங்களில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது, நாள் கணக்கில் உப்புப் பூக்கவில்லை. முதலாளிமார் யாரையும் திட்டவில்லை. ‘கல்லூரி மாணவர்கள் வரப்பில் நிற்கக் கூடாது’ என்று பலகை எழுதி நட்டுவிட்டுப் போனார்கள்.

இயற்பியல் துறைப் பிள்ளைகளுக்கு மட்டும் பழைய நிழல்தான். மச்சாடோ மிஸ் தேர்ச்சிக் குழுவின் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை. அவருடைய வகுப்பில் பெரும்பாலோர் முப்பது, நாற்பது என்று எழுதுகிறவர்கள், முப்பது, நாற்பது என்று வாங்குகிறவர்கள். மற்றத் துறைப் பிள்ளைகள் அவர்களைக் “கட்டை” என்று கூப்பிட்டார்கள். “ஏ கட்டை, ஒன் நெழலு ஒனக்கே பத்தலயே” என்று சிரித்தார்கள். மிஸ் அதைக் கேட்டார். கேட்டு, வெளியே காட்டிக்கொள்ளாமல் பெருமைப்பட்டார். ஊர் முழுக்கத் தராசுகள் பொய் சொல்லும்போது தன் தராசு ஒன்று நேராக நிற்கிறது என்று நினைத்தார்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் தங்கதுரை ஒருநாள் தானே அவருடைய அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

“மிஸ், நீங்க எனக்கு ரெண்டாம் வருசத்துல பிசிக்ஸ் எடுத்தீங்க. முப்பத்தொண்ணு போட்டீங்க. இன்னைக்கும் என் வீட்டுக்காரி அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.”

“முப்பத்தொண்ணுக்குத்தான் எழுதியிருந்த, தங்கதுரை.”

“அது சரி மிஸ். நான் இல்லைங்கல. இந்தப் பன்னெண்டு மார்க்குக்கு எல்லா டிபார்ட்மெண்டும் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க மட்டும்தான் பாக்கி.”

“அந்தப் பன்னெண்டு எந்தக் கேள்விக்கு?”

“கேள்விக்கு இல்ல மிஸ், பிள்ளைகளுக்கு.”

“பிள்ளைகளுக்குப் போடுற மார்க்க விடைத்தாள்ல எந்தப் பக்கத்துல எழுதணும்?”

தங்கதுரை டீயைக் குடித்து முடித்தார். எழுந்தபோது ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தார். “உங்க பிள்ளைக பஸ் ஸ்டாப்புல மத்தவங்க நெழல்லதான் நிக்காங்க மிஸ். பாக்கவே ஒரு மாதிரி இருக்கு” என்று, குத்திக்காட்டாமல், உண்மையான வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த மே மாதத்தில், ஒளியியல் தாள் திருத்தி முடித்துப் பத்து நாள் ஆகியிருக்கும், ஒரு பெண் மதிய நேரத்தில் மிஸ்ஸின் அறை வாசலில் வந்து நின்றாள். கணுக்கால் வரை வெளுத்து வெடித்த கால்கள். சேலை மேல் ஆண் சட்டை போட்டிருந்தாள், உப்பு வாருகிறவர்கள் போடுவது போல.

“மச்சாடோ டீச்சர் நீங்கதானா? நான் சண்முகக்கனியோட அம்மை. இசக்கியம்மா.”

சண்முகக்கனி மூன்றாம் ஆண்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாரும் கேட்காத கேள்வியாகப் பார்த்துக் கேட்கிறவள். மிஸ்ஸின் கையால் ஐம்பத்திரண்டு வாங்கிய ஒரே பிள்ளை, அவர் துறைத்தலைவரான இந்தப் பதினோரு வருடத்தில்.

“வாங்கம்மா, உட்காருங்க.”

“இருக்கட்டும். கால்ல உப்புத் தண்ணி. நாற்காலி கெட்டுப்போவும்.” நிலைப்படியிலேயே நின்றாள். “மார்க்குக் கேட்டு வரல டீச்சர். மார்க்கப் பத்தி எனக்கு என்ன தெரியும். எம்புள்ளைக்கு நெழல் விழல. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

மிஸ்ஸுக்கு இது தெரிந்த பாடம். “சித்திரை, வைகாசியில சூரியன் தலைக்கு நேரா வரும்மா. மத்தியானத்துல யாருக்குமே நிழல் சரியா விழாது.”

இசக்கியம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பொறுமைதான் இருந்தது. “முப்பது வருசமா வெயில்லதான் நிக்கேன் டீச்சர். எப்ப விழும், எப்ப விழாதுன்னு எனக்குத் தெரியாதா? லீவு நாள்ல அவளும் எங்கூட வாருததுக்கு வருவா. காலையில ஏழு மணிக்கே விழல. கூடைக்கு விழுது, உப்பு வாருத பலகைக்கு விழுது, அவளுக்கு விழல. தலையில கூடைய வச்சிட்டு நடந்தான்னா, தரையில கூடை மட்டும் தனியாப் போவுது.”

மிஸ் பேனாவை மூடினார்.

“நெழல் இல்லாதது எதுன்னு எங்காளுகளுக்குத் தெரியும்லா. அவ மொண்ட கொடத்துல யாரும் தண்ணி குடிக்க மாட்டேங்காக. நாளையிலருந்து கூட்டிட்டு வராதன்னு கங்காணி சொல்லிட்டான். அதுகூடப் பரவாயில்ல. பெங்களூருக்கு எழுதிப் போடணும், வெள்ளிக்கெழமை கடைசின்னு ஒரு மாசமா அதே பேச்சா இருந்தா. இப்ப அந்தக் காயிதத்த மடிச்சு அரிசிப் பானைக்கு அடியில வச்சிட்டா. இங்க உள்ளவுகளே என்னப் பாத்துப் பயப்படுதாக, அங்க யாரும்மா என்னச் சேப்பாங்கன்னு கேக்கா. நான் என்ன பதில் சொல்ல?”

வெளியில், வராந்தாத் தூணின் பின்னால் நின்றிருந்தவளை மிஸ் கூப்பிட்டார். வருடத்தின் அந்தப் பருவத்தில், அந்த ஊரில், மூன்றரை மணிக்கு ஒருவருடைய நிழல் அவரவர் உயரத்துக்குச் சரியாக விழும். மச்சாடோ மிஸ் ஆண்டுதோறும் முதல் வகுப்பில் அதைச் செய்து காட்டுவார். மூன்றரை வரைக்கும் மூவரும் அறைக்குள் உட்கார்ந்திருந்தார்கள், இசக்கியம்மாள் தரையில். பிறகு மிஸ் கனியைப் பின்முற்றத்தின் நடுவே நிறுத்தினார்.

சுவருக்கு நிழல் இருந்தது. சுவர் மேல் இருந்த காக்கைக்கும் இருந்தது. கனி நின்ற இடத்தில், அவளுடைய காதுத் தொங்கட்டானின் இரண்டு புள்ளிகள் மட்டும் ஐந்தடி தள்ளித் தரையில் ஆடிக்கொண்டிருந்தன.

“ஒரு லாபம் இருக்கு மிஸ்” என்றாள் கனி. “குரூப் போட்டோவுல என் நெழல் யார் மூஞ்சியிலயும் விழாது.”

“வாய மூடுளா” என்றாள் அவள் அம்மா.

மிஸ் சிரிக்கவில்லை. நன்றாகப் பார்ப்பதற்காகத் தன் குடையை மடக்கினார். முப்பது வருடமாக வெயிலில் குடையில்லாமல் அவர் காலடி வைத்ததில்லை. கறுப்புக் குடையின் வட்ட நிழலைத்தான் தன் நிழல் என்று நினைத்துப் பழகியிருந்தார். குடையை மடக்கியதும், கனியின் காலடியிலிருந்து தன் காலடிக்கு வந்த கண்கள் அங்கேயே நின்றன. ஐந்தே கால் அடி உயரமுள்ள ஜெசிந்தா மச்சாடோவின் செருப்பைச் சுற்றி, ஒரு காபி சாசர் அளவுக்கு, ஒரு சின்னக் கறுப்பு இருந்தது. அதற்கு மேல் இல்லை.

அவர் குடையை மறுபடி விரிக்கவில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “கனி, இங்கயே நில்லு. நகராத” என்று சொல்லிவிட்டு மாடியேறித் தங்கதுரையின் அறைக்குப் போய், ஒளியியல் கட்டிலிருந்து கனியின் விடைத்தாளை எடுக்கச் சொன்னார். மறுமதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முற்றம் தெரியும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

பதினான்காம் கேள்வி: கூர்மையான ஒரு விளிம்பின் நிழல் ஏன் கூர்மையாக இருப்பதில்லை? பதினைந்து மார்க். புத்தகத்தின் வழியை விட்டுவிட்டு, கனி சின்னச் சின்ன அம்புகளாக வரைந்து, ஒன்றின் தலையில் இன்னொன்றின் வாலைச் சேர்த்துக்கொண்டே போய், அந்த வரிசை இரண்டு முனையிலும் சங்கைப் போலச் சுருண்டு கொள்ள, அந்தச் சுருளிலிருந்து விடையை எடுத்திருந்தாள். பாத்தியின் வரப்பில் சாய்வாக வெயில் விழும்போது நிழலின் ஓரம் மங்கித் தெரிவது வேறு காரணத்தால், அது சூரியன் ஒரு புள்ளியாக இல்லாததால், இரண்டையும் குழப்பக் கூடாது என்றும் ஒரு வரி எழுதியிருந்தாள். ஓரத்தில் மிஸ்ஸின் சிவப்பு எழுத்து: ‘பாடப்புத்தகத்தில் இல்லை. 4.’

அதையும் அவரால் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். அவசரத்தில் செய்தது என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் ஓரத்து எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தபோது, அந்த நான்கையும் சேர்த்து, ஐம்பத்தைந்து வந்தது. மறுபடி கூட்டினார். ஐம்பத்தைந்துதான். முதல் பக்கத்துக் கட்டத்தில் ஐம்பத்திரண்டு என்று இருந்தது. கணக்குத் தெரியாமல் இல்லை, கனி மேல் கோபமும் இல்லை. கூட்டி முடித்த கை, கட்டத்துக்கு வந்ததும், தனக்குப் பழகிய எண்ணை எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டது.

இருபது வயதில் தான் எழுதிய தாளின் ஓரத்தில் என்ன எண்கள் இருந்தன என்று அவருக்குத் தெரியாது. முப்பத்தேழு வருடத்தில் ஒருமுறைகூட அதைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டதில்லை. அந்தக் கட்டு பழைய காகிதக்காரரிடம் போய், பொட்டலமாகி, ஏதோ ஒரு வீட்டில் கடலை தின்று முடித்த பிறகு எறியப்பட்டிருக்கும்.

சிவப்புப் பேனாவை எடுத்தார். ஐம்பத்திரண்டை அடித்தார். பக்கத்தில், ஒரே மூச்சில், எழுபத்தைந்து என்று எழுதினார்.

கீழே முற்றத்தில் இசக்கியம்மாள் “எம்மா!” என்று கத்தினாள். கனியின் காலிலிருந்து நிழல் பாய்ந்து, முற்றத்தைத் தாண்டி, பின்சுவரில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, முதல் பாத்தி, இரண்டாம் பாத்தி என்று கடலைப் பார்த்து ஓடியது.

“ஏளா, நகரு! பாத்தி மேல போவுது, நகருளா!”

கனி அண்ணாந்து ஜன்னலைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினாள். நிழலின் கைகள் மூன்றாம் பாத்தியில் ஆடின. “மிஸ்! கூடிப்போச்சு மிஸ்! கொறைங்க!”

தங்கதுரை மிஸ்ஸின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “விடுங்க மிஸ்” என்றார் மெதுவாக. “உள் மதிப்பீடு இருபத்தஞ்சுக்கு இருபத்துநாலு. இதோட தொண்ணூத்தொம்போது. அப்படியே இருக்கட்டும். நான் எதுவும் கேக்க மாட்டேன். போன வருசம் பெங்களூர்ல கடைசியாக் கூப்பிட்ட பிள்ளைக்கு மார்க் தொண்ணூத்து மூணு.”

மிஸ் தாளை மறுபடி பார்த்தார். சங்குச் சுருளுக்குப் பதினைந்து போட்டால் அறுபத்தாறு. ஆறாம் கேள்வியில் ஒரு குறியீடு நிஜமாகவே தப்பு. ஒன்பதாம் கேள்விக்கு அவள் பதில் எழுதவே இல்லை. அறுபத்தாறுதான். இருபத்துநாலைச் சேர்த்தால் தொண்ணூறு.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். “கனி! இது இப்படியே இருந்தா உனக்கு அங்க இடம் நிச்சயம். புரியுதா?”

“புரியுது மிஸ். ஆனா லீவுக்கு வந்தா அம்மா பாத்தியில நான் எப்படி நிப்பேன்? நான் நின்ன எடத்துல உப்பு பூக்காதே.”

“குறைச்சா தொண்ணூறு. தொண்ணூறுக்குக் கூப்பிட மாட்டாங்க.”

கனி தன் காலடியிலிருந்து சுவர்வரை போய், சுவரில் மடங்கி மேலேறிய அந்தக் கறுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அது நல்ல நிழலாகத்தான் இருந்தது. சுவரை ஒட்டி நின்ற இசக்கியம்மாள் அதற்குள் முழுதாக அடங்கியிருந்தாள். வாழ்க்கையில் மாலை மூன்றரை மணிக்கு அவள் நிழலில் நின்றது அது முதல் தடவையாக இருக்கும். அவள் மகளைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள்.

“தொண்ணூறு நான் எழுதினதா மிஸ்?”

“ஆமா. ஒவ்வொரு கேள்வியாக் கூட்டினேன். ரெண்டு தடவை. நீ எழுதினதுதான். இதுக்கு முன்னால நான் போட்டதுதான் தப்பு.”

“அப்ப அதயே போடுங்க.”

மிஸ் எழுபத்தைந்தை அடித்தார். அறுபத்தாறு என்று எண்ணால் எழுதி, எழுத்தாலும் எழுதி, கையெழுத்திட்டார். நிழல் பாத்திகளைவிட்டு எழுந்தது, சுவரில் ஏறி இறங்கியது, இசக்கியம்மாளின் முகத்தில் வெயிலை வைத்துவிட்டு முற்றத்தின் குறுக்கே சுருங்கி வந்து, கனியிடமிருந்து ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டது. இசக்கியம்மாள் கிட்டே வந்து குனிந்தாள். நிழலின் தலை விழுந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

“இருக்கு” என்றாள்.

அன்று மாலையே அவள் அரிசிப் பானையை நகர்த்தி அந்தக் காகிதத்தை எடுத்தாள். கனி அதை வியாழக்கிழமை தபாலில் போட்டாள். கங்காணி, அவளை வெயிலில் முன்னும் பின்னும் இரண்டு முறை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டான். குடத்துத் தண்ணீரை முதலில் குடித்தவளும், முதலில் வேண்டாம் என்றவளும் ஒருத்தியேதான்.

தேர்ச்சிக் குழு பன்னிரண்டைப் பதினைந்தாக்கியது. பிறகு பதினெட்டு. நான்கைந்து ஆண்டுகளில், எதிரெதிரே வருகிறவர்களின் நிழல்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, தெருக்கள் ஒட்டிக்கொண்டு, புன்னைத்துறை மதியத்திலேயே மங்கலாக, குளுமையாக, மழைக்கு முன்னால் இருப்பது போல ஆகிவிட்டது. எந்த நிழல் யாருடையது என்று பிரிக்க முடியாமல் போனதால் கம்பெனிக்காரர்கள் மைதானத்து மேசையை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்களும் பழையபடி குடும்பத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். முதலாளிமார் உப்பளத்தைத் தெற்கே இரண்டு மைல் தள்ளிப் போட்டார்கள். மச்சாடோ மிஸ் கனியின் தாளைத் திருத்திய மறுவருடமே ஓய்வு பெற்றிருந்தார். போவதற்கு முன், அலமாரியில் மீந்திருந்த மூன்று வருடத்துக் கட்டுகளைப் பிரித்து, ஓரத்து எண்களையெல்லாம் திரும்பக் கூட்டினார். இன்னும் இரண்டு பேருக்கு முதல் பக்கம் தப்பாக இருந்தது. அவர்களுடைய விலாசத்தைத் தேடிப் பிடித்து, திருத்திய சான்றிதழோடு ஒரு மன்னிப்புக் கடிதமும் அனுப்பினார். அவருடைய சாசர் அளவு நிழல் அப்படியேதான் இருந்தது, அதைத் திருத்த வேண்டிய வேதமாணிக்கம் சார் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார். குடை பிடிப்பதை மட்டும் விட்டுவிட்டார். துறைக்குப் புதிதாக வந்த தலைவர் கண்டிப்பானவர், அறுபத்தாறுக்கு மேல் யாருக்கும் போடுவதில்லை என்று சொல்கிறார்கள்.

பெங்களூரிலிருந்து கனிக்குக் கடிதம் வரவில்லை. அவள் ஓராண்டு அம்மாவோடு உப்பு வாரினாள். மறுவருடம் திருநெல்வேலியில் முதுகலை சேர்ந்து, தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் முடித்தாள். இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறாள். இசக்கியம்மாள் உப்பளத்துக்குப் போவதை நிறுத்தி ஆறு வருடமாகிறது.